எதிர்முனை

டொக் என்று அடியிலிருந்து சத்தம் வந்தது. அவர்தான் என்று மங்கையர்க்கரசி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சுக்கான் கட்டையை இரண்டு கையாலும் சேர்த்து விலாவோடு அணைத்திருந்தாள். விரல்கள் மரத்துப்போய், எது கட்டை எது கை என்று தெரியாமலாகி வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் கீழே ஒரு ஆள் மட்டும் நுழைகிற மாதிரி ஒரு படுக்கை. அதில் அவள் வீட்டுக்காரர் கலியபெருமாள் விலா எலும்பு ஒடிந்து கிடந்தார், கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு. அவள் குதிகாலால் ஒரு உதை உதைத்தால் அவர் டம்ளரால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் இருக்கிறேன் என்று அர்த்தம். விடிந்ததும் அப்படிப் பேசி வைத்துக்கொண்டார்கள். கீழே இறங்குகிற வழியின் மூடியை இழுத்துச் சாத்தியாகிவிட்டது, திறந்து வைத்தால் பின்னாலிருந்து ஏறுகிற அலை நேரே அவர் மேல்தான் போய் விழும். சாத்திய பிறகு மேலே இருப்பவள் குரல் கீழே போகாது, கீழே இருப்பவர் குரல் மேலே வராது, காற்று எதையும் வாயிலேயே பிடுங்கிக்கொள்கிறது. மணி பத்து இருக்குமா, பத்தரையா. சூரியன் இருந்தது, ஈரத் துணிக்குள் முடிந்து வைத்தது போல. பின்னால் ஒரு சீறல் எழுந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது. "திரும்பிப் பாத்தா கை நடுங்கிப்போயிரும் மங்கை. உனக்குத்தான் காது இருக்கே, காதால பாரு. அலைக்கு முதுகைக் காட்டு, விலாவைக் காட்டிராத" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். முதுகைக் காட்டினாள். படகு பின்பக்கம் தூக்கிக்கொண்டு எழுந்து, ஒரு நொடி எதன் மேலும் இல்லாமல் நின்று, பிறகு சறுக்கிக்கொண்டு இறங்கியது. இறங்கும்போது டொக். அவள் உதைக்கவே இல்லை. கேட்காமலே தட்டுகிறார். பயந்துபோய்விடுவேன் என்று தானாகவே தட்டுகிறார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

முப்பது வருஷம் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்த மனுஷன். ஊருக்கு வரும்போதெல்லாம் அக்கம்பக்கத்தார் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டால் சிரிப்பார். "நான் எங்கங்க கடலைப் பாத்தேன், தண்ணிக்குக் கீழ இரும்புக்குள்ள இருந்துட்டு வர்றேன்" என்பார். ஓய்வு பெற்ற மறு வருஷமே கிழக்கே கடலுக்கு அந்தப் பக்கம் லங்காவித் தீவில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன இந்தப் பாய்ப்படகைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முப்பத்தோரு அடி. நாலு வருஷம் போய்ப் போய்ப் பழுது பார்த்தார். பாயிலேயே இலங்கை வரைக்கும் வந்து, அங்கிருந்து காரைக்கால் கொண்டுவந்துவிட வேண்டும், எஞ்சின் சத்தமில்லாமல் ஒரு தடவையாவது கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இந்த வயதில் பைத்தியம் பிடித்திருக்கிறதா என்று மகள் கேட்டாள். மங்கை அப்படிக் கேட்கவில்லை. நானும் வர்றேன் என்றாள். அவருக்கே ஆச்சரியம். ஆசையால் வரவில்லை அவள். அவர் கப்பலில் இருந்த முப்பது வருஷமும் ஒரு கம்பியின் இந்த முனையில் உட்கார்ந்து காத்துக்கிடந்தாகிவிட்டது, அறுபத்து மூன்று வயதுக்கு மேல் இன்னொரு தடவை காத்திருக்க அவளால் ஆகாது. ஆறு நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. காற்றைப் பார்த்துத் தானே சுக்கானைத் திருப்பிக்கொள்கிற ஒரு தகடு படகின் பின்புறம் இருந்தது. சொல்லாமலே வேலை செய்கிறானே என்று அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார். மாப்பிள்ளை ஓட்ட, இவர்கள் இரண்டு பேரும் புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு டால்பின் பார்த்தார்கள். ஏழாம் நாள் வானம் இருண்டது. இந்த மாசத்தில் வராத புயல் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பிப் போய்விடும் என்பது போல. எஞ்சினில் தண்ணீர் ஏறியது. பாய்மரத்தின் உச்சி முறிந்து ரேடியோக் கம்பியோடு கடலில் விழுந்தது. இன்றைக்கு விடிகாலையில் மாப்பிள்ளை ஒடிந்தான். அதைப் பார்க்க அவர் எழுந்த நேரம், பெரிய பாயின் அடிக்கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே வீச்சாக வீசிக்கொண்டு போனது. வழியில் அவர் நெஞ்சு இருந்தது. அவர் கத்தவில்லை. தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை நினைக்கக் கூடாது. நினைத்தாள்.

முன்பாயை மட்டும் சின்னதாக விட்டுக்கொண்டு, அலை தள்ளுகிற வழியிலேயே ஓட வேண்டும். கடல் தணிகிற வரைக்கும் ஒரு ஆள் சுக்கானை விடக் கூடாது. விட்டால் பத்து எண்ணுவதற்குள் படகு குறுக்கே திரும்பி விலாவைக் காட்டிவிடும். இது அவர் சொன்ன கணக்கு. அவள் நம்பாமலில்லை, ஆனாலும் கட்டையைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கீழே போய் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம் என்று காலையில் பார்த்தாள். முதல் தடவை ஆறு எண்ணுவதற்குள் படகு திரும்பியது, ஓடிவந்து பிடித்துவிட்டாள். இரண்டாம் தடவை கயிற்றை இன்னும் இறுக்கி, மூடியைப் பாதி திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தபோது படகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. கடல் அவள் முகத்துக்கு நேராகச் சுவர் மாதிரி நின்றது. கீழே பாத்திரங்கள் உருண்டன, அதோடு ஏதோ கனமான ஒன்றும் உருண்டது, அவர் ஒரு குரல் கொடுத்தார். பேச்சு இல்லை அது. மாடு கொடுக்கிற மாதிரி ஒரு குரல். மூடியைச் சாத்திவிட்டு நாலு காலில் தவழ்ந்து வந்து கட்டையைப் பிடித்துப் படகை நிமிர்த்தினாள். நிமிர்ந்த பிறகு குதிகாலால் உதைத்தாள். பதில் இல்லை. இன்னொரு உதை. பதில் இல்லை. எண்ணினாள், முப்பது, நாற்பது. பிறகு டொக். அப்பாடா என்று அழுதாள். அப்போதிருந்து டொக் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதுதான் சரியில்லை. வந்துகொண்டே இருக்கிறது. காலையில் அவர் தட்டியபோது ஒரு தயக்கம் இருந்தது, மூச்சை இழுத்து வலியைத் தாண்டிக் கையைத் தூக்குகிற தயக்கம். இப்போது வருகிற தட்டில் வலியே இல்லை. படகு இடப்பக்கம் சாயும், டொக். வலப்பக்கம் சாயும், ஒன்றுமில்லை. இடப்பக்கம் சாயும், டொக். உருண்டுபோன டம்ளர் ஒரு மூலையில் கிடந்து மரத்தில் இடித்தால் இப்படித்தான் கேட்கும். அப்படியென்றால் நான் காலையிலிருந்து ஒரு டம்ளரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அப்படியென்றால் அந்தக் குரல்தான் கடைசி. இல்லை, அவர் நிதானமான மனுஷன், தாளம் தப்பாமல்தான் தட்டுவார். எஞ்சின்காரர் அல்லவா. டொக். பார், தட்டுகிறார். டொக்.

காது அவளை ஏமாற்றாது. அந்தக் காதுக்குத்தான் சர்க்கார் அவளுக்கு முப்பத்தைந்து வருஷம் சம்பளம் கொடுத்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிற வேலை. தலையில் கருவி, முன்னால் பலகை நிறைய ஓட்டைகள், கையில் கம்பி. லைன் செத்துவிட்டால் ஒரு மாதிரி அமைதி, லைன் உயிரோடிருந்து ஆள் பேசாமலிருந்தால் வேறு மாதிரி அமைதி. மற்ற பெண்களுக்கெல்லாம் இரண்டும் ஒன்றுதான். மங்கைக்கு வித்தியாசம் தெரியும். செத்த லைன் அடைத்த மாதிரி இருக்கும். உயிருள்ள அமைதியில் ஒரு குழிவு, அந்தக் குழிவுக்குள் ஒரு ஆள் நிற்கிற சூடு. "ஆள் இருக்காங்க சார், பேசத்தான் மாட்டேங்கறாங்க" என்று சூப்பர்வைசரிடம் சொல்வாள். சோதித்துப் பார்த்தால் சரியாக இருக்கும். அந்தக் காதுக்கு இருபத்தோரு வயதானபோது ஒரு புயல் வந்தது. மாலை நாலு மணிக்கு ஒரு கடலோரக் கிராமத்து போஸ்ட் ஆபீஸ் போனிலிருந்து ஒரு ஆண் குரல். பதறவில்லை அந்தக் குரல், மெதுவாகத்தான் பேசியது. "அம்மா, இங்க தண்ணி தெருவுக்கு வந்துருச்சு, ஒரு அறுவது எழுவது பேர் இருக்கோம், யாருகிட்டயாவது சொல்லுங்கம்மா." லைன்லயே இருங்க என்றாள். தாலுகா ஆபீசுக்குப் போட்டாள், அங்கே வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்கள். போலீசுக்குப் போட்டாள், எடுக்கவில்லை. திரும்ப வந்து, லைன்லயே இருங்க, முயற்சி பண்ணிக்கிட்டிருக்கேன் என்றாள். "இருக்கேன்மா" என்றது. மூன்றாம் தடவை அவள் திரும்ப வரவில்லை. பலகையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றாக எடுத்தாள். யாரோ ஒரு வியாபாரி, கல்யாணம் தள்ளிப்போயிற்று என்று சொல்ல ஒருவர், மருமகனை விசாரிக்க ஒரு அம்மாள். இருபது நிமிஷம். பிறகு அந்தக் கம்பிக்குள் போனாள். லைன் சாகவில்லை. காற்று கேட்டது. தண்ணீர் எதிலோ ஏறுகிற சத்தம் கேட்டது. ஹலோ என்றாள். அந்தக் குழிவு இருந்தது, உள்ளே ஆள் இருந்தாரா என்று மட்டும் தெரியவில்லை. அவள் காதுக்கு முதல் தடவையாகத் தெரியவில்லை. எக்ஸ்சேஞ்ச் பேட்டரி தீர்கிற வரைக்கும் அந்தக் கம்பியை அவள் பிடுங்கவில்லை. பிறகு அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை, எத்தனை பேர் என்று பேப்பரிலும் பார்க்கவில்லை.

கல்யாணமான புதிதில் தூக்கத்தில் லைன்ல இருங்க லைன்ல இருங்க என்று உளறினாளாம். அவர் எழுப்பிக் கேட்டார். சொன்னாள். "அந்த ஆளு ரிசீவரைத் தொங்கவிட்டுட்டு மேட்டுக்கு ஓடியிருப்பான் மங்கை. எங்கயாவது நல்லா இருப்பான். தூங்கு" என்றார். சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார். அதற்குப் பிறகு எத்தனை தடவை உளறினாளோ அத்தனை தடவையும் அதே பேச்சு, அதே வார்த்தைகள், மாத்திரை கொடுக்கிற மாதிரி. நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நல்ல மனசுக்காகவே அவரை அவள் எத்தனை வருஷம் மன்னிக்காமலிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அவ்வளவு சுலபமாக ஓடவிட்டுவிட்டாரே அந்த ஆளை. இருக்கேன்மா என்று சொன்னவன் எப்படி ஓடுவான். பின்னால் சீறல், பெரியது, கிட்டத்தில். முதுகைக் காட்டு. காட்டினாள். பனிக்கட்டி மாதிரி ஒரு பாரம் தோளில் விழுந்து கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. உப்பு வாய்க்குள் போனது. எச்சில் இல்லை, நாக்கு துணி மாதிரி கிடந்தது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, அவரும் குடிக்கவில்லை. அவருக்கும் இந்நேரம் நாக்கு இப்படித்தான் இருக்கும், இருந்தால். ஏன் இருந்தால். ஏன் அந்த வார்த்தை வந்தது. சோதித்துப் பார்ப்போம். படகு வலப்பக்கம் சாயும்போது உதைப்போம், அப்போது டம்ளர் இடிக்காது, டொக் வந்தால் அவர். காத்திருந்தாள். வலப்பக்கம் சாய்ந்தது. உதைத்தாள். டொக். வந்துவிட்டது. வந்ததா. அவள் உதைத்த உதையிலேயே டம்ளர் துள்ளியிருக்கலாம். மறுபடி உதைத்தாள், வரவில்லை. மறுபடி, வந்தது. மறுபடி, பாதி வந்த மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், தலைக்கருவியை மாட்டிக்கொண்ட மாதிரி, கன்னத்தில் அந்த ரப்பர் வளையத்தின் சூடுகூடத் தெரிந்தது. குழிவு இருக்கிறது. உள்ளே ஆள் இருக்கிறாரா தெரியவில்லை. கடல் தணியட்டும், தணிந்ததும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மத்தியானத்துக்கு மேல் தணிந்துவிடும். இப்போது போனால் இரண்டு பேருமே போய்விடுவோம். சுக்கானை விடாதே என்று அவரேதான் சொன்னார். நியாயம்தான். எல்லாம் நியாயம்தான். அந்த இருபது நிமிஷமும் நியாயம்தான், விளக்கு எரிந்தால் எடுக்க வேண்டும் என்பது விதி. அந்த வியாபாரி என்ன பேசினார். வெங்காயம் என்று ஏதோ பேசினார். அந்த மருமகன் பேர் என்ன. ஒன்றும் ஞாபகமில்லை, ஏனென்றால் அவள் அதில் எதையுமே கேட்கவில்லை. வேலை இருந்ததால் போகவில்லை என்று நாற்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேலையாவது ஒன்றாவது. அந்தக் குரல் மூன்றாம் தடவை என்ன சொல்லுமோ என்று பயந்துதான் போகவில்லை. சொல்லாமலே போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்துதான் போகவில்லை. இப்போதும் கடல் தணியட்டும் தணியட்டும் என்கிறாளே, கடலுக்கா காத்திருக்கிறாள். டொக், என்றது கீழே. டொக்.

பெரிய அலை மூன்று சேர்ந்து வரும், அதற்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி இருக்கும் என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். மூன்றையும் முதுகில் வாங்கினாள். முன்பாயின் கயிற்றைத் தளர்த்திவிட்டாள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு காற்றைக் கைவிட்டது, படகின் வேகம் செத்தது. கட்டையைக் கட்டினாள். விரல்கள் பிரியவில்லை, முஷ்டியாலேயே முடிச்சுப் போட்டாள். ஒன்று. தவழ்ந்து போய் மூடியைத் தள்ளினாள். இரண்டு. படி வழியாக விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கணுக்கால் அளவு தண்ணீர், அதில் மிளகாய்த்தூள் டப்பாவும் ஒற்றைச் செருப்பும் மிதந்தன. மூன்று. டம்ளர் படிக்கடியில் கிடந்து உருண்டு மரத்தில் இடித்தது. அவருக்கு எட்டாத தூரம். நாலு. அவர் சுவரோடு ஒட்டிக் கிடந்தார், முகம் மெழுகு மாதிரி, கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. சாமி பேர் சொல்கிறார் என்று நினைத்தாள். காதை அவர் வாயோடு ஒட்ட வைத்துக்கொண்டாள். ஐந்து. "இருக்கேன் மங்கை" என்றார். மூச்சுதான், குரல் இல்லை. "இருக்கேன்... டம்ளர் காலையிலயே... நழுவிருச்சு. நீ உதைச்சப்பல்லாம்... சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்." ஆறு. உனக்குக் கேட்கவில்லையா என்று அவர் கேட்கவில்லை. ஏழு. தண்ணீர் பாட்டில் தலைமாட்டு வலைப்பையில் அவர் கைக்கு எட்டாமல் இருந்தது, எடுத்து அவர் கைக்குள் திணித்தாள். மேலே போக வேண்டும், படகு திரும்பத் தொடங்கிவிட்டது, அவள் பாதத்துக்குத் தெரிகிறது. எட்டு. போகவில்லை. "அப்ப அந்தாளும்..." என்றாள். எந்த ஆள் என்று அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷமாகச் சொன்ன அந்தப் பேச்சுக்காக அவள் காத்திருந்தாள், மேட்டுக்கு ஓடியிருப்பான், நல்லா இருப்பான். அவர் அவளையே பார்த்தார். "ஆமா" என்றார். "சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருப்பான்."

பத்தைத் தாண்டிவிட்டாள். மேலே வருவதற்குள் படகு விலாவைக் காட்டிவிட்டது. ஒரு அலை முழுதாக அவள் மேலேறித் திறந்த வழியாகக் கீழே கொட்டியது, அவள் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினாள். முன்பாயை இழுத்துக் கட்டப் பல்லால்தான் முடிந்தது. படகு மெல்ல, வேண்டாவெறுப்பாக, முதுகைத் திருப்பியது. மூடியை அவள் திரும்பச் சாத்தவில்லை. தண்ணீர் வந்தால் வரட்டும், குடத்தால் இறைத்துக்கொள்ளலாம். காது அந்தச் சதுர ஓட்டையிலேயே இருந்தது. "பேசுங்க" என்று கத்தினாள். வலிக்கும் என்று தெரியும். பேசக் கூடாது என்றும் தெரியும். பேசுங்க என்றுதான் கத்தினாள். அவர் பேசினார். முழுதாக ஒன்றும் எட்டவில்லை, இடையிடையே ஒரு சொல், எஞ்சின், சின்னப்பிள்ளையில, உங்கம்மா, மழை. அவள் அழுதாள். அவருக்காக அழுகிறாளா, பிழைத்ததற்காக அழுகிறாளா, போஸ்ட் ஆபீசில் ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இருக்கேன்மா இருக்கேன்மா என்று இருபது நிமிஷம் சொன்ன ஒருவருக்காக அழுகிறாளா என்று பிரித்துப் பார்க்க அவளால் ஆகவில்லை. ஓடவில்லை அந்த ஆள். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. ஆனால் உண்மையாக இருந்தது, இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்கு அதைக் கொடுக்கவில்லை. மூன்று மணி வாக்கில் கீழேயிருந்து, "மங்கை, தண்ணிச் சத்தம் நீண்டுருச்சு, அலை தணியுது, இப்பக் கட்டிப் பாரு" என்று வந்தது. கட்டினாள். இருபது எண்ணினாள். முப்பது. படகு நேராகப் போனது.

அதற்கு நாலாம் நாள் காலையில் திருகோணமலைப் பக்கம் நீலமாக ஒரு மலை தெரிந்தது. அதற்குள் அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டிருந்தது. கஞ்சி குடித்தார், ஒரு தடவை சிரித்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டார். பத்து மணிக்கு ஒரு மீன்பிடிப் படகு பக்கத்தில் வந்தது. நெஞ்சில் சிலுவை தொங்க ஒரு நடுவயதுக்காரர், ஒடிந்த பாய்மரத்தையும் சுக்கானில் உட்கார்ந்திருந்த நரைத்த தலைப் பொம்பளையையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க இருந்து வாறீங்க அம்மா?" என்றார். லங்காவி என்றாள். அவர் நம்பாமல் பார்த்துவிட்டுக் கயிற்றை எடுத்து வீசத் தயாரானார். "தனியாவா வந்தீங்க? உள்ளுக்கு ஆக்கள் இருக்கிறாங்களா?" மங்கை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் கீழேயிருந்து, வேறு யாருக்கும் கேட்காத அளவுக்கு மெலிசாக, ஒரு குரல் வந்தது. அந்த மீனவருக்கு அது கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "இருக்கார்" என்றாள் மங்கை. "கயிறு போடுங்க."